பதினோராவது ஆள்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

உறை மேல் என் கையெழுத்தைப் பார்த்தும் நீ கிழித்துப் போடவில்லை என்றால் அதுவே பெரிய விஷயம். ஆறு வருஷமாக நீ என் போனை எடுப்பதில்லை. குறையாகச் சொல்லவில்லை, கடிதம் எழுதுவதற்குக் காரணம் சொல்கிறேன்.

சுற்றி வளைக்கத் தெம்பில்லை. நான் திவால் மனு போடப் போகிறேன். அண்ணனும் நானும் சேர்ந்து ஆரம்பித்த சலவைக் கடைக்குப் போன மாதம் பாங்க்காரர்கள் சீல் வைத்துவிட்டார்கள். டிரைகிளீனிங் மெஷின், இரண்டு ஸ்டீம் பிரஸ், கொடுத்தவர்கள் வாங்க வராமலே போன நாற்பத்து மூன்று உருப்படி, எல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டன. ஷட்டர் இடுக்கில் கண்ணை வைத்தால் கம்பியில் துணிகள் வரிசையாகத் தொங்குவது தெரியும். இப்போதெல்லாம் நான் வைப்பதில்லை.

வக்கீல் வைக்கக் காசு ஏது? கோர்ட்டுக்குப் பின்னால், போட்டோ ஸ்டூடியோ மாடியில் இலவச சட்ட உதவி மையம் இருக்கிறது. செவ்வாய், வெள்ளி மதியம் மட்டும். டோக்கன் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனும் நம்மைப் போலத்தான் என்று தெரிந்தும் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. அங்கே ஒரு வக்கீலம்மா. கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறார். கடன் கொடுத்தவர்களைப் பட்டியல் எடுக்கும்போது, ஒவ்வொரு பெயர் சொல்லி முடித்ததும் "வேற யாரு?" என்று கேட்கிறார். நான் பத்துப் பேர் சொன்னேன். பத்தாவதுக்குப் பிறகும் "வேற யாரு?" என்றார்.

"அவ்வளவுதாங்க" என்றேன்.

"நல்லா யோசிங்க. எழுதினது தீரும். எழுதாம விட்டது உங்க கூடவே வரும், சாகிற வரைக்கும்."

ஆனாலும் பத்துதான் என்றேன்.

உன்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று. கடை வாடகை ஒப்பந்தத்தில் அண்ணன் பெயரும் இருக்கிறது. அதனால் அவருடைய இறப்புச் சான்றிதழின் நகல் வேண்டுமாம். அது உன்னிடம் இருக்கிறது. பிப்ரவரி 20க்குள் எல்லாக் காகிதமும் போய்ச் சேராவிட்டால் நாங்கள் குடியிருக்கும் வீடு ஏலத்துக்குப் போய்விடும். உன் தம்பி மகள் இந்த வருஷம் பத்தாவது. எனக்காக இல்லாவிட்டாலும் அவளுக்காக.

தம்பி

&nbsp;

ஜனவரி 17

தம்பிக்கு,

'அன்புள்ள' என்று எழுதப் பேனா வரவில்லை. விட்டுவிட்டேன்.

சான்றிதழ் என்னிடம்தான் இருக்கிறது. என்னிடம் இல்லாமல் யாரிடம் இருக்கும்? அவர் கடைசி ஐந்து மாதம் படுத்திருந்தது என் வீட்டு உள்ளறையில். மருந்து வாங்க அலைந்தவள் நான். ஆஸ்பத்திரியில் ரெக்கார்டு அறையில் பகல் முழுக்கக் கோப்புகளை அடுக்கிவிட்டு, வந்து அவருக்கு நெஞ்சைத் தடவிக் கொடுத்தவளும் நான்.

பத்துப் பேர் என்று எழுதியிருக்கிறாய். பாங்க் இருக்கும், கடைச் சொந்தக்காரர் இருப்பார், கெமிக்கல் சப்ளை செய்தவர் இருப்பார், உன் மச்சினன்கூட இருப்பான். அண்ணன் எங்கே? அவருடைய மனையை விற்ற பணம் முழுவதும் அந்த டிரைகிளீனிங் மெஷினாக உன் கடையில் வந்து உட்கார்ந்ததே, அது எந்தக் கணக்கு? அவர் படுத்தபோது அதில் கால் பங்காவது கொடு என்று கேட்டேன். "அடுத்த மாசம்" என்றாய். ஐந்து தடவை. நான் எண்ணினேன். அவர் எண்ணவில்லை, அவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

காகிதம் எழுதிக்கொள்ளவில்லை என்பாய். கூடப் பிறந்தவனிடம் யாராவது காகிதம் எழுதி வாங்குவார்களா?

பட்டியலில் அவர் பெயர் ஏறட்டும். அன்றைக்குச் சான்றிதழ் அனுப்புகிறேன். தம்பி மகளை நடுவில் இழுக்காதே.

அக்கா

&nbsp;

ஜனவரி 29

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சாமர்த்தியசாலி என்று தெரியும். ஆனால் இவ்வளவு என்று தெரியாது.

வெள்ளிக்கிழமை வக்கீலம்மா டைப் அடித்த பட்டியலைக் கொடுத்துப் படித்துப் பார்க்கச் சொன்னார். நான் கொடுத்தது பத்து. அதில் பதினொன்று இருந்தது. கடைசியில் அண்ணன். உறவு: மூத்த சகோதரர். முகவரி: உன் வீட்டு முகவரி. தொகை என்ற இடத்தில் ஒரு கோடு. "இது யார் சொன்னது?" என்றேன். "நீங்கதானே சொன்னீங்க" என்றார். நான் சொல்லவில்லை அக்கா. எப்படி அவர் நம்பரைக் கண்டுபிடித்துப் பேசினாய்?

அந்த வரியை அடித்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை புதிதாக டைப் அடித்து வந்தது. மறுபடியும் பதினொன்று. இந்தத் தடவை டைப்பிஸ்ட் பெண் பக்கத்திலேயே போய் நின்றேன். என் கைப்பட எழுதிய தாள் அவள் முன்னால் இருந்தது, பத்து வரி. அவள் ஒவ்வொரு வரியாகப் பார்த்துப் பார்த்து அடித்தாள். பத்தாவதை அடித்த பிறகும் தாளின் கீழே, ஒன்றும் எழுதாத இடத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் பதினொன்றாவதை அடித்தாள்.

"ஏம்மா, அங்க என்ன எழுதியிருக்கு?"

"கையெழுத்து கொஞ்சம் மங்கலா இருக்கு சார். படிக்க முடியுது."

பகல் இரண்டரை மணி, ஜன்னல் வழியாக நல்ல வெயில். அந்தத் தாளை நான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. இதோ இந்தக் கடிதத்தின் கீழே எவ்வளவு வெறுமையாக இருக்கிறதோ அவ்வளவு வெறுமை.

டோக்கன்காரர்கள் பின்னால் நின்று தொண்டையைச் செருமினார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டேன். சத்தியம் செய்து கொடுத்தாகிவிட்டது. இனி நீ கேட்டபடி அண்ணன் பட்டியலில் இருக்கிறார். சான்றிதழை அனுப்பு.

எப்படிச் செய்தாய் என்று மட்டும் என்றைக்காவது சொல்.

தம்பி

&nbsp;

பிப்ரவரி 5

தம்பிக்கு,

நகல் இத்துடன். இரண்டாக வைத்திருக்கிறேன், ஒன்றை நீ தொலைப்பாய்.

உன் வக்கீலம்மா யாரென்றே எனக்குத் தெரியாது. பதினெட்டு வருஷமாகக் கோப்பு அடுக்குகிறேன். காகிதத்தில் பெயர் தானாக ஏறாது. நீதான் சொல்லியிருப்பாய், சொன்னதை மறந்திருப்பாய். மறப்பதில் உனக்கு நல்ல கைராசி.

அக்கா

&nbsp;

பிப்ரவரி 26

தம்பிக்கு,

இது விளையாட்டு என்றால் இத்தோடு நிறுத்திக்கொள். எனக்கு ஐம்பத்து மூன்று வயது, தனியாக இருக்கிறேன்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வந்தேன். வீடு பூட்டியபடி இருந்தது. திறந்து உள்ளே போனால், உள்ளறையில் அண்ணனுடைய நாற்காலியில் ஒரு தபால் உறை. திவால் அதிகாரி அனுப்பிய நோட்டீஸ், அண்ணன் பெயருக்கு. 'தாங்கள் கடன் கொடுத்தவர்களில் ஒருவர், மார்ச் 11 அன்று மதியம் இரண்டு மணிக்கு நடக்கும் கூட்டத்துக்கு வந்து கோரிக்கையைத் தெரிவிக்கவும்.' உறையின் மேல் விளிம்பை ஓரமாக பிளேடு வைத்துக் கீறித் திறந்திருந்தது. அப்படித் திறக்கிறவர் நம் வீட்டில் ஒருவர்தான்.

கீழே தையல் கடை வைத்திருப்பவரைக் கேட்டேன். வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. அண்ணனை அவர் பார்த்ததே இல்லை.

"பதிவுத் தபால் வந்துச்சும்மா. உங்க வீட்டு ஆளு இறங்கி வந்து வாங்கிட்டுப் போனாரே" என்றார்.

"எந்த ஆளு?"

"வயசானவரு, ஒல்லியா. இந்த வெயில்ல கோட்டு போட்டிருந்தாரு, கழுத்து வரைக்கும் பொத்தான். நல்ல தையல். ஆனா உள்ள சட்டை போடல போல, கழுத்துல காலரே தெரியல. நமக்குக் கண்ணு அங்கதான் போகும்."

அதைக் கேட்டதும் படியில் உட்கார்ந்துவிட்டேன். ஏன் என்று இப்போது எழுத மாட்டேன்.

மறுநாள் தபால் ஆபீசுக்குப் போய் ஒப்புகை அட்டையைக் காட்டச் சொன்னேன். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ஒரு கோடு, அதன் கீழே இரண்டு புள்ளி. நம் வீட்டுத் துணிகளுக்கு அண்ணன் போடும் குறி. அது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நான் போடவில்லை.

ஆகவே நீ. ஆள் வைத்து இதைச் செய்தாயா? எதற்காக?

அக்கா

&nbsp;

மார்ச் 12

அக்கா,

சத்தியமாக நான் இல்லை. நேற்று நடந்ததை எழுதுகிறேன். படித்த பிறகும் நான்தான் என்று தோன்றினால் திட்டி எழுது, வாங்கிக்கொள்கிறேன்.

கோர்ட்டு இரண்டாவது மாடி. நீளமான மேசை, பிளாஸ்டிக் நாற்காலிகள், கடகடவென்று ஓடும் ஃபேன். பத்துப் பேரில் நான்கு பேர்தான் வந்திருந்தார்கள். பாங்க் ஆபீசர், கடைச் சொந்தக்காரர், கெமிக்கல்காரர், என் மச்சினன். மச்சினன் என் முகத்தைப் பார்க்காமல் போனையே நோண்டிக்கொண்டிருந்தான். நான் வக்கீலம்மா பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

அதிகாரி வரிசையாகப் பெயர் வாசித்தார். வராதவர்களுக்கு 'இல்லை' என்று எழுதினார். பதினொன்றாவது பெயரை வாசித்துவிட்டு நிமிர்ந்து, கடைசி நாற்காலியைப் பார்த்து, 'ஆஜர்' என்று எழுதினார்.

அந்த நாற்காலியில் யாரும் இல்லை அக்கா. பாங்க் ஆபீசருடைய பைதான் இருந்தது. அவர் "சாரி சார்" என்று சொல்லி அதை எடுத்துக் கீழே வைத்தார்.

ஒவ்வொருவரும் தங்கள் பாக்கியைச் சொன்னார்கள். பிறகு அதிகாரி கடைசி நாற்காலியைப் பார்த்து, "உங்க கோரிக்கை என்ன?" என்றார். தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்டார். நடுவில் "எந்தத் தேதி?" என்றார். எழுதிக்கொண்டார். "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க" என்றார். எனக்கு ஃபேன் சத்தம் தவிர ஒன்றும் கேட்கவில்லை. மற்ற நான்கு பேரும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. மச்சினன் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவன் எதைக் கேட்டான் என்று கேட்கப் போனால் விருட்டென்று எழுந்து போய்விட்டான்.

அறையில் கடை வாசனை வந்தது. ஈரக் காட்டன் மேல் சூடான பிரஸ் விழும்போது வருமே, அந்த வாசனை.

வெளியே வந்து வக்கீலம்மாவிடம், "அது யாருங்க?" என்றேன்.

"உங்க அண்ணன்தானே. ஜாடை அப்படியே இருக்கே."

"அவரு செத்துப்போயி ஆறு வருஷமாச்சு. சர்டிபிகேட்டை நீங்கதானே ஃபைல்ல வச்சீங்க!"

"ஆமா, வச்சிருக்கேன்" என்றார், கண்ணாடியைத் துடைத்தபடி. "செத்தவங்களுக்குக் கொடுக்க வேண்டியது இல்லைன்னு யார் சொன்னது?"

வருகைப் பதிவேட்டைப் பார்த்தேன். கடைசி வரியில் கோடும் இரண்டு புள்ளியும். பேனா மை இல்லை, துணிக்குக் குறி போடும் மை. எத்தனை துவைத்தாலும் போகாதே, அது. அந்த பாட்டில் சீல் வைத்த கடைக்குள் இருக்கிறது.

அவர் என்ன கேட்டார் என்று எழுதிய நகல் வர ஒரு வாரம் ஆகுமாம். மனையைக் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன். எங்கே போவேன்? எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா. கடன் பயம் வேறு, இது வேறு.

தம்பி

&nbsp;

மார்ச் 18

தம்பி,

உன்மேல் பழி போட்டதற்கு மன்னித்துக்கொள். தையல்காரர் சொன்னதைக் கேட்டு நான் ஏன் படியில் உட்கார்ந்தேன் என்று எழுதுகிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

அவர் போன அன்று நீ வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. முகத்தைப் பார்க்க நான் உனக்காகக் காத்திருக்கவில்லை. அன்று இருந்த கோபத்தில் அது சரியென்று பட்டது. ஆகவே அவரை என்ன உடையில் அனுப்பினோம் என்று உனக்குத் தெரியாது.

அவரிடம் உருப்படியாக ஒரு சட்டைதான் இருந்தது, அந்த வெள்ளை முழுக்கை. அலமாரி முழுக்கத் தேடினேன். இல்லை. மற்றதெல்லாம் படுக்கையில் போட்டுப் போட்டு நைந்துபோனவை. நேரமாகிவிட்டது என்று எல்லோரும் அவசரப்படுத்தினார்கள். கோட்டை மட்டும் போட்டு, உள்ளே தெரியாமல் இருக்கக் கழுத்து வரை பொத்தான் போட்டுவிட்டேன். முப்பது வருஷம் ஊரார் சட்டையை மடிப்புக் கலையாமல் தேய்த்துக் கொடுத்த மனிதரைச் சட்டை இல்லாமல் அனுப்பினேன்.

இது எனக்கும் அந்தக் கோட்டைப் போட்டுவிட உதவிய இரண்டு பேருக்கும் மட்டும்தான் தெரியும். அந்த இரண்டு பேரும் இப்போது இல்லை.

உள்ளறைக் கதவைச் சாத்தியே வைத்திருக்கிறேன். மதியம் லீவு நாளில் வீட்டில் இருந்தால் அங்கே நாற்காலி நகரும் சத்தம் கேட்கிறது. பயமுறுத்துகிற சத்தம் இல்லை. காத்திருப்பவர் சலித்துப்போய்க் கொஞ்சம் நகர்ந்து உட்காருவாரே, அப்படி. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நகல் வந்ததும் எழுது. மனைதான் வேண்டுமென்றால் என் சேமிப்பு கொஞ்சம் இருக்கிறது.

அக்கா

&nbsp;

மார்ச் 23

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதமும் நகலும் ஒரே நாளில் வந்தன. நகலை முதலில் படித்திருந்தால் ஒன்றும் புரிந்திருக்காது. உன் கடிதத்தை முதலில் படித்தேன்.

அதிகாரி எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன். 'கோரிக்கையாளர் எண் 11. பணம் எதுவும் கோரவில்லை. துவைக்கக் கொடுத்த வெள்ளை முழுக்கைச் சட்டை ஒன்று, கழுத்துப் பொத்தான் இல்லாதது. பொத்தான் வைத்துத் தருவதாகச் சொன்னது. இன்றுவரை கைக்கு வரவில்லை.' அவ்வளவுதான். மனையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நீ ஒளித்ததைச் சொல்லிவிட்டாய். நானும் சொல்கிறேன்.

உன் வீட்டுக்கு வந்து படுப்பதற்கு முன்னால் அந்தச் சட்டையைக் கடையில் கொடுத்துவிட்டுத்தான் போனார். தன் சட்டைக்கும் சீட்டுப் போட்டுக்கொள்வார், தெரியுமே. "சீட்டு இல்லாம துணி கிடையாது, எனக்கும் சேர்த்துத்தான்" என்பார். "சின்னவனே, பொத்தான் வச்சு நீயே கொண்டு வா, அப்படியே ஒரு எட்டு பார்த்துட்டுப் போ" என்று சொன்னார். நீயோ போனில், "கையில பணம் இல்லாம இந்தப் பக்கம் வராதே" என்று சொல்லியிருந்தாய்.

பணம் புரளவில்லை. பொத்தான் வைத்தேன். வெள்ளை நூல் தீர்ந்துபோய் நீல நூலில் தைத்தேன். அவர் போவதற்கு நான்கு நாள் முன்னால், மதியம், சட்டையைக் காகித உறையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தேன். உன் வீட்டு எதிர் நடைபாதைவரை வந்தேன். வெறும் சட்டையோடு எப்படி மாடி ஏறுவது என்று கால் மணி நேரம் நின்றேன். அப்புறம் திரும்பிவிட்டேன். சட்டையைக் கம்பியில் மாட்டினேன். ஆறு வருஷமாக அது அங்கேதான் தொங்கியது. நாற்பத்து மூன்றில் ஒன்று. ஷட்டர் இடுக்கில் கண் வைத்தால் முதலில் தெரிவது அதுதான்.

நேற்று நீதிபதி முன்னால் போனோம். பத்துப் பேர் விஷயத்தில் எனக்கு விடுதலை கொடுக்கத் தயார் என்றார். பதினொன்றாவது இருக்கும்வரை உத்தரவு கிடையாது. சீலை எடுத்துச் சட்டையை மட்டும் என்னிடம் கொடுக்கச் சொன்னார். மற்றவர்களுக்கு ஆட்சேபனை உண்டா என்று கேட்டதற்குப் பாங்க் ஆபீசரே எழுந்து, "கொடுத்துடுங்க சார், பாவம்" என்றார். ஏப்ரல் 10க்குள் உரியவரிடம் ஒப்படைத்து, அவருடைய சீட்டிலேயே ரசீது வாங்கி வர வேண்டும். இல்லாவிட்டால் மனு தள்ளுபடி, வீடு ஏலம்.

சட்டை இப்போது என் மடியில் இருக்கிறது. ஆறு வருஷத் தூசி ஒன்றுகூட அதில் இல்லை. தொட்டால் லேசான சூடு. என் மனைவி தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

சீட்டு அவரிடம்தான் இருந்திருக்கும். தேடிப் பார்ப்பாயா?

தம்பி

&nbsp;

மார்ச் 28

அன்புள்ள தம்பிக்கு,

சீட்டு கிடைத்துவிட்டது. அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூட்டில், துணிக்கு அடியில், நாலாக மடித்து.

அந்த உள்ளறைக்குள் போகவே எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. போனால் நாற்காலி ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. நான் அதைத் திருப்பவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. நீ நடைபாதைக் கதையை எழுதாமல் இருந்திருந்தால் நானும் வாயைத் திறந்திருக்க மாட்டேன், அதை என்னோடு கொண்டுபோயிருப்பேன்.

அன்றைக்கு நீ நின்றதை நான் பார்த்தேன். ஜன்னல் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். கையில் காகித உறையோடு நின்றாய், சட்டை முதுகெல்லாம் வியர்வை. கூப்பிட்டால் கேட்கிற தூரம். கூப்பிடவில்லை. படட்டும், தானாக ஏறி வரட்டும் என்று நின்றேன். உள்ளறையிலிருந்து அண்ணன் கேட்டார்: "யாரு பாப்பா, கீழ?"

"யாரும் இல்லைண்ணா" என்றேன்.

அதற்கப்புறம் நான்கு நாளும் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

ஆறு வருஷமாக உன்னை நான் திட்டியதெல்லாம் இந்த ஒரு வார்த்தையை மூடி வைக்கத்தான் என்று இப்போது தோன்றுகிறது. உன் பேரில் தப்பு இல்லை என்று சொல்லவில்லை. என் பேரிலும் இருக்கிறது.

வியாழக்கிழமை லீவு போட்டிருக்கிறேன். மதியம் வா. நடைபாதையில் நிற்காதே, நேராக மாடி ஏறு. பணம் கொண்டு வராதே.

அக்கா

&nbsp;

ஏப்ரல் 4

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று நீ இறங்கிப் போகும்வரை நடந்தது நம் இருவருக்கும் தெரியும். சட்டையை நாற்காலி முதுகில் ஹேங்கரோடு மாட்டிவிட்டு, சீட்டைக் கட்டிலில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினோம். காபி ஆறும்வரை கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். திறந்தபோது சீட்டில் குறி ஈரமாக இருந்தது, சட்டை வைத்தது வைத்தபடி இருந்தது. "எடுத்துக்கலையே" என்று நீ முகம் வாடினாய். "ரசீதுதானே வேணும், போய்க் கொடு" என்று உன்னை அனுப்பினேன்.

அதற்கப்புறம் நடந்ததைக் கேள். நீ தெருவில் இறங்குவதைப் பார்க்க உள்ளறை ஜன்னலுக்குப் போனேன், அந்த நாற்காலிக்கு முன்னால். நீ எதிர் நடைபாதைக்குப் போய்த் திரும்பினாய். அப்போது என் முதுகுக்குப் பின்னால் ஹேங்கர் லேசாக மோதும் சத்தம். அப்புறம், பழைய குரலில், களைப்பே இல்லாமல்:

"யாரு பாப்பா, கீழ?"

இந்தத் தடவை நான் விடுவதாக இல்லை.

"சின்னவன்தாண்ணா. உங்க சட்டையைக் கொண்டு வந்து கொடுத்துட்டுப் போறான்."

நான் திரும்பவில்லை, திரும்பத் தைரியம் வரவில்லை. உனக்குக் கை ஆட்டிக்கொண்டே நின்றேன். நீ பஸ் ஏறிய பிறகுதான் திரும்பினேன். ஹேங்கர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

நேற்றிலிருந்து அந்த அறையில் ஒரு சத்தமும் இல்லை. கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். நீ கீழே நின்று எனக்குக் கை ஆட்டினாய், சரி. பஸ் வந்து நின்ற பிறகு, படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, நிமிர்ந்து இன்னொரு தடவை ஆட்டினாயே, அது ஏன்? அப்போது என்னைப் பார்த்த மாதிரித் தெரியவில்லை.

அக்கா

&nbsp;

ஏப்ரல் 15

அன்புள்ள அக்காவுக்கு,

உத்தரவு வந்துவிட்டது. பதினொரு பேருக்கும் நேராக 'தீர்ந்தது' என்று எழுதியிருக்கிறது. வீடு தப்பித்தது. கடையும் மெஷினும் போயின, போகட்டும். அடுத்த வாரத்திலிருந்து ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை. ஆயிரம் படுக்கை விரிப்புக்குக் குறி போட வேண்டுமாம். வக்கீலம்மா கோப்பைக் கட்டி வைக்கும்போது பழக்க தோஷத்தில் "வேற யாரு?" என்றார். "யாரும் இல்லைங்க" என்று சொல்ல வாயெடுத்தேன். உன் ஞாபகம் வந்தது. "எங்க அக்கா ஒருத்தி இருக்கா, அவளுக்கு நான் ஆறு வருஷம் பாக்கி" என்றேன். "அதுக்கு இங்க வர வேண்டாம்" என்று சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

கழுத்துப் பொத்தானை நீல நூலில் தைத்தது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. இனி இருக்காது. கழுத்து வரை பொத்தான் போட்டபோது நூலின் நிறமெல்லாம் கீழே இருப்பவனுக்குத் தெரியவில்லை, காலர் மட்டும் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தது.

இரண்டு தடவை ஏன் கை ஆட்டினேன் என்று கேட்டிருக்கிறாய். முதல் தடவை உனக்கு.

தம்பி